பெக்கி ஷார்ப் இழந்த பரிவு

வஞ்சகம் செய்யும் பெண்ணை நம் காவியங்கள் நெடுநேரம் நம்மோடு பழக விடுவதில்லை. கம்பன் சூர்ப்பணகையை அழகிய உருவில் நடந்து வரச் செய்கிறான். அந்த நடையில் நாமும் சற்றே மயங்குகிறோம். ஆயினும் அவள் யார் என்பது நமக்கு முன்பே தெரியும். கூனியின் வரவும் அத்தகையதே. அவர்களிடம் நாம் பரிவு கொண்டதில்லை; ஆதலின் அதனை இழந்ததும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில நாவல் வேறொன்றைச் செய்தது. பொய் சொல்லும் பெண்ணின் பக்கத்தில் வாசகனைக் கொண்டுபோய் நிறுத்தி, அவள் பொய்களைக் கண்டு அவனைச் சிரிக்க வைத்து, பின்னர் அவன் கொண்ட பரிவைச் சிறிது சிறிதாகத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இதனை நன்கு திட்டமிட்டுச் செய்தவர் வில்லியம் மேக்பீஸ் தாக்கரே. அந்தப் பரிவை இழந்தவள் 'வேனிட்டி ஃபேர்' நாவலின் நாயகி பெக்கி ஷார்ப். அந்த இழப்பு எங்கே தொடங்கியது, எதுவரை சென்றது, எந்த இடத்தில் வாசகர்களே அதற்கு உடன்பட மறுத்தார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இந்நாவல் 1847 ஜனவரி முதல் 1848 ஜூலை வரை லண்டனில் மாதந்தோறும் மஞ்சள் அட்டையிட்ட சிறு பகுதிகளாக வெளிவந்தது. ஒரு பகுதியின் விலை ஒரு ஷில்லிங். மொத்தம் 20 பகுதிகள். கடைசி இரண்டும் சேர்ந்து ஒன்றாக வந்தமையால் 19 மாதங்கள். படங்களையும் தாக்கரே தாமே வரைந்தார். அப்படங்களில் ஒன்று நம் கதையில் பின்னர் முக்கிய இடம் பெறப் போகிறது. ஒரே மூச்சில் படித்து முடிக்கும் நூலில் வரும் பாத்திரம் வேறு. ஒன்றரை ஆண்டுக்கு மேலாக மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து போகும் பாத்திரம் வேறு. 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்த நாட்களில், நந்தினி அடுத்த வாரம் என்ன செய்வாளோ என்று காத்திருந்த குடும்பங்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

தாக்கரே பிறந்தது கல்கத்தாவில், 1811 ஜூலை 18 அன்று. தந்தை ரிச்மண்ட் தாக்கரே கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி. ஃப்ரீ ஸ்கூல் தெருவில் ஆர்மீனியக் கல்லூரி அமைந்துள்ள இடமே அவர் பிறந்த இடம் என்பர். கல்கத்தாத் தமிழர்கள் பலரும் எத்தனையோ முறை கடந்து சென்றிருக்கும் வாயில் அது. அவருடைய தாய் ஆன் பீச்சரின் வாழ்க்கையே ஒரு பொய்யினால் திசை மாறியது. இங்கிலாந்தில் கார்மைக்கேல் ஸ்மித் என்னும் இளம் படைவீரரை அவள் காதலித்தாள். வீட்டுப் பெரியவர்கள் அதனை விரும்பவில்லை. அவர் காய்ச்சலில் இறந்துவிட்டார் என்று பொய் கூறி அவளை இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். இங்கே ரிச்மண்ட் தாக்கரேயை மணந்தாள். பின்னர் ஒருநாள் கணவரே விருந்துக்கு ஒருவரை அழைத்து வந்தார். வந்தவர் 'இறந்துபோன' அதே கார்மைக்கேல் ஸ்மித்! 1815-இல் ரிச்மண்ட் இறந்தார். 1816-இன் இறுதியில் ஐந்து வயதுச் சிறுவன் தாயைப் பிரிந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டான். பழைய காதலரை மணந்துகொண்ட தாயை அவன் மீண்டும் கண்டது 1820-இல்தான். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் பொய் என்ன செய்யும், தாயைக் காணாமல் ஏங்கும் பிள்ளையின் நெஞ்சு எப்படி இருக்கும் என்னும் இரண்டும் இந்நாவலாசிரியர் ஏட்டில் படித்து அறிந்தவை அல்ல.

பெக்கியைப் படைப்பதற்குச் சில ஆண்டுகள் முன்னர் அவர் இதே முயற்சியை ஒருமுறை செய்து தோற்றிருந்தார். குற்றவாளிகளைக் கதாநாயகர் ஆக்கி எழுதும் நாவல்கள் அன்று லண்டனில் பெருவழக்கு. அவ்வழக்கத்தை எள்ளி நகையாடும் பொருட்டு, 1839-40 ஆண்டுகளில் 'ஃப்ரேசர்ஸ்' இதழில் 'கேதரின்' என்னும் கதையை எழுதினார். கணவனைக் கொலை செய்வித்த குற்றத்துக்காக 1726-இல் எரித்துக் கொல்லப்பட்ட கேதரின் ஹேய்ஸ் என்பவளே அதன் தலைவி. வாசகர்கள் அவளை முற்றிலும் வெறுக்க வேண்டும் என்பது ஆசிரியரின் நோக்கம். ஆனால் எழுதி முடித்தபின் தம் தாய்க்கு வரைந்த கடிதத்தில், அந்தப் பெண்ணின்மேல் தமக்கே உள்ளூர ஓர் அன்பு ஏற்பட்டுவிட்டது என்றும், அதனால் அவளை முழுமையாகக் கெட்டவளாக்க மனம் வரவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். வெறுக்க வைப்பதற்கென்றே எழுதப் புகுந்தவர் விரும்பத் தொடங்கிவிட்டார்! இந்தப் பாடம் அவருக்கு வீண்போகவில்லை. பெக்கியை எழுதும்போது அவர் முறையை மாற்றினார். முதலில் விரும்ப விட்டார்.

விரும்பாமல் எப்படி இருக்க முடியும்? குடிகார ஓவியனுக்கும் பிரெஞ்சு நாட்டியக்காரிக்கும் பிறந்து, பெற்றோரை இழந்து, சிஸ்விக்கில் செல்வர் வீட்டுப் பெண்கள் பயிலும் பள்ளியில் பிரெஞ்சு கற்றுக்கொடுத்துக் காலந்தள்ளியவள் அவள். பள்ளியை விட்டுப் புறப்படும் நாளில், இரக்கமுள்ள ஆசிரியை ஒருத்தி வண்டிக்குள் நீட்டிய ஜான்சன் அகராதியைச் சன்னல் வழியே திருப்பி வீசிவிட்டுப் போகிறாள். முதல் பகுதியிலேயே வரும் இந்தக் காட்சியில், அவமானப்பட்ட வாசகர் ஒவ்வொருவரும் அவளோடு சேர்ந்து அந்த நூலை எறிந்திருப்பார்கள். தாயின் தொழிலைப் பற்றி அவள் வாய் திறப்பதில்லை. தாய்வழியினர் கஸ்கனியின் பிரபு குலத்தவர் என்று சொல்லிக்கொள்கிறாள். அந்தக் குலத்துக்கு ஆசிரியர் சூட்டிய பெயர் ஒரு நாட்டிய அடவின் பெயர் என்பது பிரெஞ்சு அறிந்தவர்க்கு மட்டும் விளங்கும் குறும்பு.

அடுத்து அவளுக்கு வாய்த்த வேலை 'கவர்னெஸ்', அதாவது செல்வர் இல்லத்தில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வீட்டாசிரியை. நாவல் வெளிவந்த காலத்து இங்கிலாந்தில் இது பலரையும் வருத்திய பிரச்சினை. இத்தகைய ஆசிரியைகளின் முதுமைக்கும் வறுமைக்கும் உதவ 1843-இல் ஓர் அறநிலையம் இயங்கத் தொடங்கியது. அவர்களுக்குப் பயிற்சியளிக்க 1848-இல் லண்டனில் குயின்ஸ் கல்லூரி திறக்கப்பட்டது. அவள் வேலைக்காரர்களோடு அமர்ந்து உண்ண முடியாது. வீட்டாரோடும் அமர முடியாது. சீதனம் இல்லாதவளை மணப்பார் இல்லை. மணமாகாதவளுக்கு வேறு கௌரவமான தொழிலும் இல்லை. இந்த வாசலில் நிற்கும் ஒரு பெண், நாவன்மையையும் பச்சை விழிகளையும் கொண்டு கணவன் தேடினால் அதனை வஞ்சகம் என்பதா, வாழ்க்கைப் போராட்டம் என்பதா?

அவள் முதலில் வலை வீசியது ஓர் இந்திய உத்தியோகஸ்தருக்கு. தோழி அமீலியாவின் தமையன் ஜோஸ் செட்லி, வங்காளத்தில் 'பாக்ளி வாலா' என்னும் கற்பனை ஜில்லாவின் கலெக்டர். பருத்த உடல், அஞ்சிய மனம். அவருக்குப் பிடித்தது எல்லாம் தனக்கும் பிடிக்கும் என்று காட்டுவதற்காக இந்தியக் குழம்பை ஆவலோடு கேட்டு வாங்கி உண்கிறாள் பெக்கி. காரம் தாங்காமல் கண் கலங்கும்போது, மிளகாய் வேண்டுமா என்று கேட்கிறார் ஜோஸ். அதன் ஆங்கிலப் பெயரான 'சில்லி' குளிர்ச்சியைக் குறிக்கும் சொல்லைப் போல் ஒலிக்கவே, ஏதோ குளிர்ந்த பண்டம் என்று எண்ணி அதனையும் வாயில் போட்டுக்கொள்கிறாள். பிறகு நடந்ததை நம் வாசகர்களுக்குச் சொல்லவும் வேண்டுமோ! மேசையைச் சுற்றியிருந்தவர்கள் சிரிக்கிறார்கள். அவளோ நொடியில் தன்னைத் தேற்றிக்கொண்டு, அராபியக் கதையில் வரும் ஓர் இளவரசியைக் குறிப்பிட்டுத் தானும் சிரிக்கிறாள். பொய்க்குத் தண்டனையும் கிடைத்துவிட்டது. அவள் துணிவின்மேல் நமக்கு மதிப்பும் ஏற்பட்டுவிட்டது.

நாவலின் முற்பகுதிப் பொய்கள் யாவும் இவ்வகையின. ஏமாறுகிறவர்கள் ஏமாறத் தக்கவர்கள். வயது முதிர்ந்த கஞ்சப் பிரபு சர் பிட் கிராலி முழந்தாளிட்டு அவளைத் தன் மனைவியாகுமாறு வேண்டும்போது, அவள் ஏற்கெனவே அவர் இளைய மகன் ராடனை இரகசியமாக மணந்துகொண்டு விட்டாள். அப்போது அவள் அழுவது நடிப்பன்று. பிரபுவின் மனைவியாகும் வாய்ப்பைச் சில நாட்களில் தவறவிட்டதற்கான உண்மைக் கண்ணீர்! 1815-இல் வாட்டர்லூப் போரின் பீரங்கி முழக்கம் கேட்டு பிரஸ்ஸல்ஸ் நகரமே நடுங்கும் வேளையில், தப்பி ஓடத் துடிக்கும் ஜோஸுக்குத் தன் குதிரைகளைக் கொள்ளை விலைக்கு விற்கிறாள். இவற்றைப் படிக்கும்போது யாருக்குக் கோபம் வருகிறது? எனக்கு வந்ததில்லை.

முதல் விரிசல் லண்டன் கர்சன் தெருவில், ராகிள்ஸ் என்பவனின் வாடகை வீட்டில் விழுகிறது. ஆண்டுக்கு ஒரு காசும் வருமானம் இல்லாமல் ஒரு குடும்பம் எப்படிச் செழிப்பாக வாழலாம் என்பதை ஆசிரியர் வெகு நகைச்சுவையோடு விளக்கிக்கொண்டே வருகிறார். வாசகர் சிரித்துக்கொண்டே வருகிறார். திடீரென்று கணக்கை நம்முன் வைக்கிறார். வீட்டுக்குச் சொந்தக்காரனான ராகிள்ஸ் ஒருகாலத்தில் கிராலி குடும்பத்தின் ஊழியன். ஆயுள் முழுதும் சேர்த்த பணத்தில் அந்த வீட்டை வாங்கியவன். ராடனும் பெக்கியும் வாடகை தரவே இல்லை. விளைவு, அவன் பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். அவன் கடனாளிகளுக்குரிய ஃப்ளீட் சிறைக்குப் போனான். பிரிக்ஸ் என்னும் ஏழை முதுகன்னியின் நிலையும் அதுவே. தன்னிடமிருந்த சிறு பணத்தைப் பெக்கியை நம்பிக் கொடுத்தவள் அவள். பிரிக்ஸுக்குத் தர வேண்டிய கடன் என்று சொல்லி, உண்மைத் தொகையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கி ஸ்டெய்ன் பிரபுவிடம் வாங்கிய பெக்கி, அதன் பெரும்பகுதியை 1,000 பவுன் நோட்டு ஒன்றாக மாற்றித் தன் சிறு மேசைப்பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்கிறாள்.

இங்கே தாக்கரேயின் குரல் மாறுவதற்கு அவர் வாழ்க்கையிலும் காரணம் உண்டு. 1830-களின் தொடக்கத்தில் கல்கத்தாவின் ஐரோப்பிய வணிக நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன. அம்முறிவில் தாக்கரேயின் தந்தைவழிச் சொத்தில் பெரும்பகுதி அழிந்தது. எழுதிப் பிழைக்க வேண்டிய நிலை அவருக்கு அதனாலும் வந்தது. மேலே இருப்பவனின் பகட்டுக்குக் கீழே இருப்பவன் பணம் கட்டுகிறான் என்பதை அவர் அறிந்திருந்தார்.

எனினும் ராகிள்ஸுக்காகவும் பிரிக்ஸுக்காகவும் மட்டும் வாசகர்கள் பெக்கியைக் கைவிட்டிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. கடன் என்பது பெரிய வீடுகளில் எங்கும் உள்ளதுதான் என்று மனம் சமாதானம் தேடும். அந்தச் சமாதானத்துக்கு இடமில்லாமல் செய்தது அவள் மகன் கதை.

பிறந்த சில நாளிலேயே அவன் பிரான்சில் ஒரு கிராமத்துச் செவிலியிடம் விடப்பட்டான். லண்டனுக்கு வந்தபின் மாடியின் உச்சியிலுள்ள அறையில் வேலைக்காரியோடு வளர்ந்தான். தாய் எப்போதேனும் அங்கே ஏறி வருவாள். புத்தாடையும் கையுறையும் அணிந்து, துணிக்கடைப் படத்திலிருந்து இறங்கி வந்தவள்போல் நின்று, ஓரிரு சொல் பேசிவிட்டுப் போய்விடுவாள். சிறுவனுக்கோ அவள் தெய்வம். தொட்டுப் பேச முடியாது, தூரத்திலிருந்து தொழலாம். ஒருநாள் கீழே ஸ்டெய்ன் பிரபுவுக்காக அவள் பாடிக்கொண்டிருந்தாள். அந்தப் பாட்டில் மயங்கிய குழந்தை படிக்கட்டில் இறங்கி வந்து கதவருகே நின்று கேட்டது. கதவு திறந்தது, தாய் வெளியே வந்து அதன் காதோடு சேர்த்து இரண்டு அறை கொடுத்தாள். உள்ளே பிரபு சிரித்தார்.

அந்த அறையைவிடக் கொடியது அதற்குப் பின் வருகிறது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கணவனின் தமையன் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். தமையன் மனைவி ஜேன் சீமாட்டி பிள்ளைகளிடம் உயிரையே வைத்திருப்பவள். அவள் பார்க்க வேண்டும் என்பதற்காகப் பெக்கி எல்லார் முன்னிலையிலும் தன் மகனை அழைத்து முத்தமிடுகிறாள். பிள்ளை அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்து, வீட்டில் நீ என்னை முத்தமிடுவதே இல்லையே அம்மா என்னும் பொருள்படச் சொல்லிவிடுகிறது. அறை முழுதும் அமைதி. ஜேனின் பரிவு அந்தக் கணத்தோடு அற்றுப்போகிறது, நம்முடையதும்தான். நாடறிந்த பிரபுக்களும் படைத்தலைவர்களும் கண்டுபிடிக்க முடியாத பொய்யை, பொய் என்னும் சொல்லின் பொருளே அறியாத சிறுவன் வெளிப்படுத்திவிட்டான். கல்கத்தாவில் தாயைப் பிரிந்து கப்பலேறிய ஐந்து வயதுச் சிறுவன் எழுதிய காட்சி இது என்பதை மறந்து இதனைப் படிக்க எனக்கு இயலவில்லை. ஜோஸையும் சர் பிட்டையும் ஏமாற்றிய அதே கண்கள்தாம், அதே புன்னகைதான்; ஆனால் இப்போது அதன் எதிரில் நிற்பது ஒரு குழந்தை.

இதன்பின் ஆசிரியர் துணிந்து அவளை வீழ்த்துகிறார். கடனுக்காகக் கைதாகிக் காவலில் இருக்கும் கணவன் ராடன், பணம் அனுப்பி மீட்குமாறு மனைவிக்கு எழுதுகிறான். நோயுற்றுப் படுத்திருப்பதாகவும், பணத்துக்கு அலைவதாகவும் பதில் வருகிறது. ஜேன் வந்து அவனை மீட்கிறாள். வீடு திரும்பினால் விளக்குகள் ஒளிர்கின்றன. வைரங்கள் மின்ன, ஸ்டெய்ன் பிரபுவோடு தனியே அமர்ந்திருக்கிறாள் பெக்கி. ராடன் பிரபுவை அடித்து வீழ்த்திவிட்டு அவளுடைய பெட்டிகளைத் திறக்கச் செய்கிறான். அமீலியா என்றோ அன்பளிப்பாகத் தந்த அந்தச் சிறு மேசைப்பெட்டியிலிருந்து 1,000 பவுன் நோட்டு வெளிப்படுகிறது. தன்னிடம் இருந்ததையெல்லாம் எப்போதும் அவளோடு பகிர்ந்துகொண்டவனுக்கு, நூறு பவுன் கொடுத்து மீட்க அவளுக்கு மனம் வரவில்லையே என்பதே அவன் புண்.

வரலாற்றை அறிந்தவர் இங்கே சற்று நிற்க வேண்டும். அன்றைய ஆங்கிலப் பொதுச் சட்டத்தின்படி, மணமான பெண்ணின் கைப்பணம் கணவனுடையது. பெட்டியும் அவனுடையது, அதிலிருந்த நோட்டுகளும் அவனுடையவை. தன் பெயரில் ஒரு காசு வைத்துக்கொள்ள விரும்பிய மனைவிக்குப் பெரும்பாலும் மறைவிடம் ஒன்றே வழி. மனைவி ஈட்டும் ஊதியம் அவளுக்கே உரியது என்று சட்டம் சொன்னது 1870-இல். சொத்துரிமை முழுமையாக வந்தது 1882-இல். பிரிட்டிஷ் இந்தியாவிலும் 1874-இல் மணமான பெண்டிர் சொத்துரிமைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. கணவன் தன் ஆயுள் காப்பீட்டை மனைவி மக்களின் நலனுக்கென்றே ஒதுக்கி வைக்க உதவும் அதன் ஆறாம் பிரிவை நம்மில் காப்பீடு எடுத்தவர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். பெக்கி வாழ்ந்த நாட்களில் இவையொன்றும் இல்லை. அவளுடைய பூட்டிய பெட்டியைப் பேராசை என்று மட்டும் சொல்லிவிட என்னால் இயலாது. ஆனால் பெட்டிக்குள் இருந்தது பிரிக்ஸின் பெயரைச் சொல்லி வாங்கிய பணம்; பிரிக்ஸோ அவளைக் காட்டிலும் ஏழைப் பெண். சட்டத்தின் கொடுமையைச் சுட்டி அவளை விடுவிக்க முயலும்போதெல்லாம் இந்தக் கணக்கு குறுக்கே வருகிறது.

தாக்கரேயும் தீர்ப்புச் சொல்லவில்லை. பிரபுவோடு அவள் கற்பிழந்தாளா இல்லையா என்று கேட்டுவிட்டு, அவள் இல்லை என்றாள், ஆனால் அந்த வாயிலிருந்து வரும் எதை நம்புவது என்று சொல்லி விலகிக்கொள்கிறார். முன்னொரு கட்டத்தில், ஆண்டுக்கு 5,000 பவுன் இருந்தால் தானும் நல்லவளாக இருக்க முடியும் என்று அவள் எண்ணிப் பார்க்கும்போது, அது உண்மையாகவும் இருக்கலாம் என்று அவரே ஒத்துக்கொள்கிறார். கொடுக்கவும் மனமில்லை, பறிக்கவும் மனமில்லை.

அன்றைய வாசகர்கள் என்ன செய்தார்கள்? நாவல் பகுதி பகுதியாக வந்துகொண்டிருந்தபோதே, 1847 அக்டோபரில், 'ஜேன் அயர்' வெளிவந்தது. கரர் பெல் என்னும் புனைபெயரில் மறைந்திருந்த சார்லட் பிரான்ட்டே, அதன் இரண்டாம் பதிப்பைத் தாக்கரேக்குக் காணிக்கையாக்கினார். தாக்கரேயின் மனைவி 1840 முதல் மனநோயால் பிரிந்து வாழ்பவர் என்பது அவருக்குத் தெரியாது. ஜேன் அயரின் நாயகனுக்கும் மனநோயுற்ற மனைவி! லண்டன் வதந்தி பேசத் தொடங்கியது. கரர் பெல் என்பவள் தாக்கரே வீட்டுக் கவர்னெஸ்; அவளைத்தான் அவர் பெக்கியாக எழுதினார்; பதிலுக்கு அவள் அவரை எழுதிவிட்டாள் என்று. ஒருவரையொருவர் கண்டிராத இரு எழுத்தாளர்களின் தலையில் கட்டப்பட்ட பொய் இது. ஒரு கற்பனைப் பொய்காரியைப் பற்றி ஊரார் புனைந்த பொய், அவள் சொன்ன எதற்கும் குறைந்ததன்று.

1848 டிசம்பரில் 'குவார்ட்டர்லி ரிவியூ' இதழில் எலிசபெத் ரிக்பி இவ்விரு நாவல்களையும், ஆசிரியைகளுக்கான அறநிலையத்தின் அறிக்கையையும் ஒருசேர வைத்து மதிப்புரை எழுதினார். பழமையில் ஊறியவர், ஜேன் அயரைக் கடுமையாகத் தாக்கியவர். அத்தகையவர் பெக்கியைக் கிழித்தெறிவார் என்றே எவரும் எதிர்பார்ப்பர். நடந்ததோ வேறு. பெக்கிக்கு நெஞ்சமும் மனச்சான்றும் இல்லை என்பதை ஒப்புக்கொண்டே, அவளை வெகுவாக இரசித்து எழுதினார். ஓர் இடத்தில் மட்டும் ஆசிரியரோடு முரண்பட்டார்.

அந்த இடம் நாவலின் இறுதியில் வருகிறது. ராடன், கவென்ட்ரித் தீவு என்னும் கற்பனைத் தீவின் ஆளுநராகிக் காய்ச்சலில் இறக்கிறான். ஊர் ஊராக அலைந்த பெக்கி மீண்டும் ஜோஸைப் பற்றிக்கொள்கிறாள். அவர் பெருந்தொகைக்கு ஆயுள் காப்பீடு செய்கிறார். அவளிடம் அஞ்சி நடுங்குகிறார். ஆக்கன் நகரில் இறந்துபோகிறார். 2,000 பவுன் காப்பீட்டில் பாதி அவளுக்கு. காப்பீட்டு நிறுவனம் ஐயுற்றுப் பணம் தர மறுக்கிறது. அவள் வழக்கறிஞர்களோடு வந்து வாதாடிப் பெறுகிறாள். அந்த வழக்கறிஞர்களின் பெயர்கள் பர்க், தர்ட்டெல், ஹேய்ஸ்! 1829-இல் எடின்பரோவிலும் 1824-இல் ஹெர்ட்ஃபோர்டிலும் தூக்கிலிடப்பட்ட இரு கொலைகாரர்களின் பெயர்கள் முதலிரண்டும். மூன்றாவது, தாக்கரேயால் முன்பு வெறுக்க முடியாமற்போன அதே கேதரின் ஹேய்ஸின் பெயர். கொன்றாள் என்று ஆசிரியர் எங்கும் எழுதவில்லை. ஆனால் தாம் வரைந்த படத்தில் காட்டினார். நோயுற்ற ஜோஸ் நண்பன் டாபினிடம் கெஞ்சுகிறார். திரைக்குப் பின்னால் பெக்கி ஒளிந்து நிற்கிறாள். படத்தின் கீழே, கிளைட்டம்னெஸ்ட்ராவாக அவள் இரண்டாம் முறை தோன்றுகிறாள் என்னும் குறிப்பு. கணவனைக் கொன்ற கிரேக்க அரசியின் பெயர் அது. அவ்வேடத்தை அவள் முன்பு ஒரு மாளிகை நாடகத்தில் புனைந்திருந்தாள்.

ரிக்பி இதனை ஏற்கவில்லை. தீமைக்கும் ஓர் அளவு உண்டு. அதற்குமேல் போனால் கண்டிப்பான நீதிமான்களுக்கும் அதில் இன்பமில்லை என்பது அவர் கருத்து. ஆகவே வாசகர்களுக்கு ஒரு யோசனை கூறினார்: தத்தம் பிரதியிலிருந்து அந்தப் படத்தை வெட்டி எடுத்துவிட்டால் மனம் அமைதியடையும்! கத்தரிக்கோலை எடுத்துக்கொள்ளச் சொன்னவர் அவள் மேல் பரிவு கொண்ட புரட்சிக்காரரல்லர். கட்டுப்பாடான விக்டோரியச் சீமாட்டி. எவ்வளவோ இழந்த பின்னும் பெக்கியின்மேல் மிஞ்சியிருந்த பரிவுக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? 1853-இல் மலிவுப் பதிப்பு படங்களில்லாமல் வந்தபோது கத்தரிக்கோலுக்கும் வேலையில்லாமற்போயிற்று. அதன்பின் எத்தனையோ வாசகர்கள் அந்தப் படத்தைக் காணாமலே பெக்கியை அறிந்தார்கள்.

எனக்கும் அந்தப் படம் வேண்டியதில்லை. அறநெறியைக் கருதி அன்று. அதற்குச் சற்று முன் நிகழும் ஒரு செயலைக் கருதி. அமீலியாவின் கணவன் ஜார்ஜ் வாட்டர்லூவில் இறந்தவன். அவன் உத்தமன் என்று நம்பி, பதினைந்து ஆண்டுகளாக அவன் படத்தை வைத்துப் போற்றி வாழ்கிறாள் அவள். அவளை மனத்தில் வைத்து வாடும் மேஜர் டாபின், பல ஆண்டுகளைச் சென்னை மாகாணத்துப் 'பண்டில்கஞ்ச்' என்னும் கற்பனை இராணுவ முகாமில் கழிக்கிறார். வடநாட்டு 'கஞ்ச்' என்னும் ஈற்றை நம் பக்கத்து ஊருக்குச் சூட்டியிருப்பது கல்கத்தாவில் பிறந்தவரின் பிழை, போகட்டும். அமீலியா மறுமணம் செய்துகொள்ளப் போகிறாள் என்னும் செய்தி எட்டியதும் டாபின் அங்கிருந்து சென்னைக்கு விரைந்து வந்து, கடுங்காய்ச்சலோடு கப்பலேறுகிறார். செய்தி பொய், ஆயினும் அமீலியா இணங்கவில்லை. இறுதியில் அந்தத் தெய்வப் படத்தை உடைப்பவள் பெக்கி. போருக்கு முன்னாள் இரவில், தன்னோடு ஓடிவந்துவிடுமாறு ஜார்ஜ் பூங்கொத்தில் வைத்துத் தனக்குக் கொடுத்த கடிதத்தை இத்தனை ஆண்டுகள் பாதுகாத்து வைத்திருந்து, அமீலியாவின் மடியில் எறிகிறாள். நாவல் முழுதும் அனைவரையும் ஏமாற்றியவள் சொன்ன ஓர் உண்மை. அதுவும், அமீலியா அன்று காலையே டாபினை வருமாறு எழுதிவிட்டாள் என்று தெரியவரும்போது தேவையற்ற உண்மையாகிவிடுகிறது! ஆனாலும் சொன்னாள், அதனால் அவளுக்கு ஆதாயம் ஏதுமில்லை.

நாவல் முடிந்த சில வாரங்களில் தாக்கரே நண்பர் இராபர்ட் பெல்லுக்கு எழுதிய கடிதத்தில், கதையின் முடிவில் எல்லாரையும் நிறைவற்றவர்களாக விட்டுச் செல்லவே தாம் விரும்பியதாகக் குறிப்பிட்டார். பெக்கியைத் தண்டிக்காமல் விட்டதும் அதன்பொருட்டே. மகன் அவளுக்குத் தாராளமாகப் பணம் அனுப்புகிறான்; நேரில் பார்க்க மட்டும் மறுக்கிறான். அவளோ தேவாலயத்துக்குத் தவறாமல் செல்கிறாள். தருமப் பட்டியல்களில் அவள் பெயர் காணப்படுகிறது. ஏழைகளுக்காக நடக்கும் ஒரு சந்தையில் கடை வைத்து நிற்கும்போது, டாபினும் அமீலியாவும் பிள்ளைகளோடு எதிர்பாராமல் அவள் முன் வந்துவிடுகிறார்கள். கண்டதும் திடுக்கிட்டு விலகி விரைகிறார்கள். அவள் அடக்கத்தோடு விழிகளைத் தாழ்த்திக்கொண்டு புன்னகை செய்கிறாள்.